பள்ளி விட்டபின் நீச்சல்: எந்தத் தண்ணீருக்காக?

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்த சில வாரங்களுக்குள் பல வீடுகளில் ஒரு பட்டியல் உருவாகிவிடுகிறது. இந்தி, அபாகஸ், கராத்தே, கீபோர்டு, பரதநாட்டியம். அண்மைக் காலமாக நீச்சலும் அதில் சேர்ந்திருக்கிறது. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், மாலை நான்கு மணிக்குப் பிறகு குழந்தையை எங்கே அனுப்புவது என்பது கல்வியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. ஆறு மணி வரை அக்குழந்தை யார் கண்ணில் படும் என்ற கவலையும் அதனுள் இருக்கிறது. பட்டியலில் உள்ள மற்றக் கலைகளைக் கற்காமல் விட்டால் இழப்பு பெரிதன்று; நீச்சலைப் பற்றி அவ்வாறு கூற இயலாது.

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் வட்டாரங்களிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைத் தோட்டப் பகுதிகளிலும் வாழும் நம் வாடிக்கையாளர் குடும்பங்களை மனத்தில் வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறோம். வங்கி இதழில் நீச்சலுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். மாதந்தோறும் கட்டணம் கட்டி, போக வர நேரம் செலவிட்டு, குழந்தையின் உயிரோடு தொடர்புடைய ஒன்றை வாங்குகிறோம். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவது நல்லது என்பதே எங்கள் விடை.

கடிகாரம் பார்த்து வரும் தண்ணீர்

நீச்சல் வகுப்பைத் தேர்ந்தெடுக்குமுன் நம் வீட்டைச் சுற்றி எவ்வகைத் தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சித்தூர் வட்டாரத்தில் அது ஒப்பந்தத்தால் வரும் தண்ணீர். 1970ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, தமிழ்நாடு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. தண்ணீரை மணக்கடவு வழியாகச் சித்தூர்ப்புழைக்கு விட வேண்டும். மூலத்தறையிலிருந்து அது வாய்க்கால்களில் பிரிந்து வயல்களுக்குச் செல்கிறது. நேற்று வரை பிள்ளைகள் பந்து விளையாடிய வாய்க்காலில் இன்று இடுப்பளவு தண்ணீர் ஓடும். தண்ணீர் எப்போது வரும் என்று உழவருக்குச் சொல்லப் பாசன அலுவலகம் உண்டு. ஏழு வயதுக் குழந்தைக்கு அதைச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டிலுள்ளவர்களே.

வாய்க்கால் மட்டுமன்று. பண்ணைக்குட்டை, கோயில் குளம், கைவிடப்பட்டு மழைநீர் நிறைந்த கல்குவாரி, மணல் அள்ளப்பட்டதால் அடிமட்டம் சீரற்றுப்போன பாரதப்புழை என ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. கல்குவாரியில் படி இல்லை; கரையிலிருந்து ஓரடி தள்ளினால் நிலைகொள்ளாத ஆழம். குளத்தில் படி உண்டு, ஆனால் பாசி பிடித்திருக்கும். ஆற்றில் கணுக்கால் அளவு நீரில் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பள்ளம் வரும். அப்பள்ளத்தை மலையாளத்தில் 'கயம்' என்கிறார்கள். பழந்தமிழில் குளத்துக்கும் ஆழ்ந்த நீர்நிலைக்கும் வழங்கிய சொல்தான் அது. எல்லைக்கு இப்பால் அது இன்றும் உயிரோடிருக்கிறது. இதைச் சொல்வது மொழிப் பெருமைக்காக அன்று. ஆற்றோரம் உள்ள எச்சரிக்கைப் பலகைகள் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கின்றன. தமிழ்வழியில் படிக்கும் குழந்தைக்கு அந்த எழுத்து தெரியாமலிருக்கலாம். அந்த ஒரு சொல்லின் எழுத்து வடிவத்தையாவது வீட்டில் காட்டிவிட வேண்டும்.

இடுக்கியில் நிலைமை வேறு. அங்கே தண்ணீர் பெரும்பாலும் அணைக்குப் பின்னால் நிற்கிறது: மாட்டுப்பெட்டி, குண்டளை, ஆனையிறங்கல், தேக்கடி. பார்க்க அசைவற்றிருக்கும், கரை செங்குத்தாக இறங்கும், குளிர்ச்சி மிகும். குளிர்நீரில் திடீரென்று விழுபவர் தம்மையறியாமல் பெருமூச்சு இழுப்பார். அந்த மூச்சு நீருக்குள் இழுக்கப்பட்டால் நீந்தத் தெரிந்தவரும் தடுமாறுவார். வெதுவெதுப்பான நீச்சல்குளத்தில் பழகிய பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

இம்மலைப் பகுதியில் நீர் விபத்து என்றாலே நினைவுக்கு வருவது 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30. அன்று மாலை தேக்கடி ஏரியில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர். அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன், 2007 பிப்ரவரி 20 அன்று, அதே பெரியாற்றின் கீழ்ப்பகுதியில் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா வந்த படகு மூழ்கி 15 மாணவரும் 3 ஆசிரியரும் மாண்டனர். இவ்விரண்டையும் நீச்சல் தெரியாமையின் கணக்கில் மட்டும் எழுதிவிடுவது சரியாகாது. கவிழ்ந்த படகின் உள்ளே சிக்கிக்கொண்டவருக்கு நீச்சல் எவ்வளவு உதவும்? படகில் ஏறுமுன் உயிர்காப்பு அங்கியை அணிந்து அதன் வார்களைப் பூட்டிக்கொள்ளும் பழக்கம் அங்கே அதிக உயிர்களைக் காத்திருக்கும். ஆகவே ஒரு நீச்சல் வகுப்பில் அந்த அங்கியை அணியக் கற்றுத்தருகிறார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

எந்த வயதில்?

பெற்றோரிடையே இதில் இரண்டு கட்சிகள் உண்டு. "கைக்குழந்தையாகவே தண்ணீரில் விட்டால் தானாக வந்துவிடும்" என்பது ஒன்று. "பத்து வயதாகட்டும், பார்க்கலாம்" என்பது மற்றொன்று. அறிவியலாரும் இவ்விஷயத்தில் கருத்தை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2000ஆம் ஆண்டில், நான்கு வயது நிரம்பும் வரை குழந்தைகள் முறையான நீச்சல் பயிற்சிக்கு ஆயத்தமாக இருப்பதில்லை என்று கூறியது. 2009இல் அந்நாட்டில் வெளிவந்த ஆய்வொன்று, முறையாகப் பயின்ற 1 முதல் 4 வயதுக் குழந்தைகளிடையே நீரில் மூழ்கும் ஆபத்து பெரிதும் குறைந்திருந்ததைக் காட்டியது. அடுத்த ஆண்டே கழகம் தன் நிலையைத் தளர்த்தியது. இருப்பினும், வகுப்புக்குச் சென்ற குழந்தை மூழ்காது என்று அது ஒருபோதும் கூறவில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை நம் நாட்டுச் சூழலுக்கு இன்னும் நெருக்கமானது. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாகவும், அவர்களுள் ஏறத்தாழக் கால் பங்கினர் 5 வயதுக்கு உட்பட்டவர்கள் என்றும் அது கணக்கிட்டிருக்கிறது. இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளின்படி ஆண்டுக்கு 30,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு இறக்கின்றனர். நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்க வேண்டியது 6 வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகளுக்கு என்கிறது அந்நிறுவனம். அதற்குக் குறைந்த வயதினருக்கு அது பரிந்துரைப்பவை இரண்டு: நீருக்கும் குழந்தைக்கும் இடையே வேலி, குழந்தையைக் கண்காணிக்கப் பகல்நேரக் காப்பகம்.

இந்த இரண்டாவது பரிந்துரையை வங்கதேசத்தில் செய்து பார்த்தார்கள். அங்கே சிற்றூர்களில் வீட்டுக்கு வீடு குளம். தாய் அடுப்படியில் இருக்கும் முற்பகல் வேளையில்தான் சிறு குழந்தைகள் அதிகம் மூழ்கினர். அவ்வேளையில் குழந்தைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்ள, 'ஆஞ்சல்' என்ற பெயரில் ஊர்ப் பெண்களின் பொறுப்பில் காப்பகங்கள் தொடங்கப்பட்டன. குழந்தைச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. இதைப் படித்தபோது நம் மலைத் தோட்டங்களே எங்களுக்கு நினைவில் வந்தன. 50 பெண் தொழிலாளருக்கு மேல் உள்ள தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கொழுந்து பறிக்கும் தாய்க்கு வசதி என்ற அளவில் வந்த ஏற்பாடு அது. ஓடையும் தடுப்பணையும் நிறைந்த மலையில் அது எத்தனை பிள்ளைகளைத் தண்ணீரிடமிருந்து காத்திருக்கும் என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. தோட்டத்தில் வாழும் வாசகருக்கு மூன்று வயதுக் குழந்தை இருந்தால், நீச்சல் வகுப்பைத் தேடுவதைவிட அந்தக் காப்பகம் ஒழுங்காக நடக்கிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று பார்ப்பது பயன் தரும். சமவெளியில் வாழ்பவர்களுக்கும் இது பொருந்தும்: கிணற்றுக்கு மூடி, தொட்டிக்கு மூடி, குளியலறையில் நிரம்பிய வாளியைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம். தவழும் குழந்தைக்குச் சில அங்குலத் தண்ணீரே போதும்.

ஆறு வயதுக்கு மேல் நீச்சல் கற்பது பலன் தருமா? இதற்கும் வங்கதேசத்திலேயே விடை கிடைக்கிறது. ஊர்க் குளத்தில் மூங்கில் மேடை அமைத்து 4 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தனர். 2006 முதல் 2010 வரை தொடர்ந்து கவனித்ததில், கற்ற பிள்ளைகளிடையே மூழ்கிச் சாதல் 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. பளிங்குத் தரையிட்ட நீச்சல்குளம் அங்கே இல்லை. போட்டி முறைகளும் இல்லை. 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், மூழ்குபவரைத் தாம் நீரில் இறங்காமல் காப்பாற்றத் தெரிந்திருக்க வேண்டும். தேர்வு அவ்வளவே.

எதைக் கற்றால் போதும்?

நம் முன்னோர் யாரிடம் நீச்சல் கற்றார்கள்? புறநானூற்றின் 243ஆம் பாட்டில் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதிய புலவர், இளமையில் மருத மரத்தின் கிளையேறி ஆழ்மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்து காட்டியதை நினைந்து ஏங்குகிறார். அவருக்குப் பயிற்றுநர் இருந்ததாகத் தெரியவில்லை. நம் தாத்தாக்களுக்கும் அப்படியே. காய்ந்த சுரைக்குடுக்கை, இரட்டைத் தேங்காய், வாழைத்தண்டு, வயிற்றுக்கு அடியில் அண்ணனின் கை. ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. அந்நாளில் குளத்தில் எப்போதும் பத்துப் பேராவது குளித்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும் இருந்தார்கள். ஒரு குழந்தை தடுமாறினால் இழுத்துப்போட ஆளிருந்தது. இன்று குழாய் வீட்டுக்குள் வந்துவிட்டது, குளக்கரை வெறிச்சோடிவிட்டது. ஆழம் அப்படியே இருக்கிறது. பழைய முறையில் பிள்ளையைக் குளத்தில் இறக்கிக் கற்றுத்தர விரும்பும் தந்தையர் இந்த மாற்றத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி வகுப்புக்கு வருவோம். பெரும்பாலான நீச்சல்குளங்களில் முதல் வாரத்திலிருந்தே ஃப்ரீஸ்டைல் சொல்லித்தருகிறார்கள். கையை எப்படி வீச வேண்டும், தலையை எப்பக்கம் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அழகான கல்விதான். ஆனால் சித்தூர் வாய்க்காலில் வழுக்கி விழும் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது வேறு. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் அதை ஐந்து செயல்களாக வகுத்திருக்கிறது: தலை மூழ்கும் ஆழத்தில் இறங்கி மேற்பரப்புக்குத் திரும்புதல், ஒரு நிமிடம் மிதத்தல், ஒரு சுற்றுத் திரும்பிக் கரை எங்கே என்று பார்த்தல், ஏறத்தாழ 25 மீட்டர் நீந்திக் கரைசேர்தல், ஏணியின்றி வெளியேறுதல். இவற்றுள் கடைசியைப் பெற்றோர் யாரும் கேட்பதில்லை. சிமென்ட் பூசிய வாய்க்கால் சுவரில் ஏணி ஏது?

நெதர்லாந்து வாய்க்கால்களின் நாடு. அங்கே பிள்ளைகள் பெறும் முதல் நீச்சல் சான்றிதழுக்கான தேர்வில், உடுத்திய உடையோடும் காலணியோடும் நீந்திக் காட்ட வேண்டிய பகுதி ஒன்று உண்டு. குழந்தைகள் நீச்சல் உடையில் வாய்க்காலில் விழுவதில்லை. பள்ளிச் சீருடையில்தான் விழுகிறார்கள் என்ற எளிய எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. நம் ஊர் வகுப்புகளில் இது அரிது. நீங்கள் கேட்டால் பயிற்றுநர் வியப்புறுவார், ஆனாலும் கேளுங்கள். துவைத்துச் சுத்தமாக்கிய பழைய சீருடையுடன் மாதம் ஒரு நாள் இறங்கச் சம்மதிக்காத குளம் இருக்கலாம். சம்மதிக்கும் குளம் சற்றுத் தொலைவில் இருந்தாலும் அதையே நாங்கள் தேர்ந்தெடுப்போம்.

ஆற்றிலேயே கற்பிக்கும் முயற்சிகளும் கேரளத்தில் உண்டு. ஆலுவாவில் சஜி வாளாசேரில் என்பவர் பல ஆண்டுகளாகப் பெரியாற்றில் கட்டணமின்றி நீச்சல் கற்றுத்தருகிறார். குழந்தைகளும் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் அவரிடம் பயின்றிருக்கிறார்கள். எல்லையோர ஊராட்சிகள் இதைப் பார்த்து வந்து, தம் ஊர்க் குளத்தில் கயிறும் மிதவையும் கட்டிக் கோடைக்காலத்தில் நடத்தினால் நீச்சல்குளம் கட்டும் செலவே வேண்டியதில்லை.

மாலையா, கோடையா?

சமவெளியில் மாலை வகுப்பு நடக்கக்கூடிய காரியம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு, பொள்ளாச்சி, கோவை எதற்கும் சாலை வசதி உண்டு. மலையில் அவ்வாறில்லை. மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்டு, வளைந்து வளைந்து இறங்கிக் குளத்தை அடைந்து, ஈரத் தலையோடு திரும்பும்போது இருட்டிவிடும், பனி இறங்கிவிடும். சின்னக்கானல் பக்கம் இருட்டில் சாலையில் யார் நிற்பார்கள் என்பதை அங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஏப்ரலில் அரிக்கொம்பனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றாலும் மற்ற யானைகள் அங்கேதான் இருக்கின்றன.

ஆகவே மலைக் குடும்பங்களுக்கு எங்கள் யோசனை கோடை விடுமுறை. கம்பம், போடி, உத்தமபாளையம் என்று கீழே தாத்தா பாட்டி வீடு பலருக்கு உண்டு. கணக்கும் இதற்கே துணை நிற்கிறது. வாரம் 2 நாள், நாளுக்கு 45 நிமிடம் என்றால் மாதத்துக்கு 6 மணி நேரம். விடுமுறையில் நாள்தோறும் ஒரு மணி நேரமாக 20 நாள் பயின்றால் 20 மணி நேரம். உடல் ஒருமுறை பிடித்துக்கொண்ட நீச்சலை எளிதில் மறப்பதில்லை. இடைவெளி விட்டு விட்டுக் கற்கும் தொடக்கக்காரரே முதல் வாரத்தின் அச்சத்துக்கு மீண்டும் மீண்டும் திரும்புகிறார். ஆனால் தாத்தா வீட்டில் இன்னோர் ஆபத்து உண்டு. கீழே ஓடும் முல்லைப் பெரியாறு அணையிலிருந்து திறந்துவிடப்படும் தண்ணீர். மழை பெய்யாத நாளிலும் மட்டம் உயரும். பேரப்பிள்ளையை வகுப்புக்கு அனுப்பும் வீட்டார் ஆற்றுக்கு அனுப்பாமலிருக்க வேண்டும்.

இடுக்கியிலிருந்து வந்து சமவெளியில் நீச்சல் கற்றவர்களுக்கு ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டும் உண்டு. இடுக்கியைச் சேர்ந்த சஜன் பிரகாஷ் வளர்ந்தது தமிழ்நாட்டின் நெய்வேலியில். தாயின் பணி அங்கே இருந்தது. அந்நகரியத்தின் குளத்தில் தொடங்கிய அவர் 2021இல் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில், ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரரானார். எல்லாப் பிள்ளைகளும் அவ்விடத்தை அடைய வேண்டியதில்லை. அருகில் குளம் இல்லாமை ஒரு முடிவான தடையன்று என்பதற்கே அவரைக் குறிப்பிட்டோம்.

கட்டணத்தை எப்படிப் பார்ப்பது?

மாதக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவோம். பயிற்றுநர் உங்கள் குழந்தையைப் பார்க்கும் நிமிடங்களே நீங்கள் வாங்கும் பொருள். 45 நிமிட வகுப்பில் ஒரு பயிற்றுநருக்கு 20 பிள்ளைகள் என்றால் ஒரு பிள்ளைக்கு இரண்டேகால் நிமிடம். 6 பிள்ளைகள் என்றால் ஏழரை நிமிடம். இரண்டாவது வகுப்பின் கட்டணம் இருமடங்காக இருந்தாலும், நிமிடக் கணக்கில் அதுவே மலிவு. மேலும், 20 பிள்ளைகள் நீரிலிருக்கும்போது ஒருவர் பின்னால் திரும்பினால் 19 பேர் அவர் பார்வையில் இல்லை. கற்பிப்பவரைத் தவிர, கரையில் நின்று பார்ப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். சேருமுன் ஒரு நாள் முழு வகுப்பையும் கரையிலிருந்து பார்க்க அனுமதிக்காத இடத்தில் சேர்க்க வேண்டாம்.

இடையே காப்பீடு பற்றி ஒரு சொல். நம் வாடிக்கையாளர் பலர் ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்திருக்கிறார்கள். நீரில் மூழ்கி இறப்பதும் அதில் விபத்தாகக் கொள்ளப்படும். காவல் நிலையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் திட்டம் 18 முதல் 70 வயது வரை உள்ள கணக்குதாரர்களுக்கே. குழந்தைகள் அதில் வரமாட்டார்கள்.

அமீபா அச்சம்

2024, 2025 ஆண்டுகளில் கேரளத்தில் பரவலாகப் பேசப்பட்ட அமீபா மூளைக்காய்ச்சல் பல பெற்றோரை நீச்சலிலிருந்தே விலக்கிவிட்டது. அச்சம் நியாயமானது, நோய் அரிது, ஆனால் பிழைப்பது கடினம். 2024இல் கோழிக்கோடு மாவட்டச் சிறுவன் ஒருவன் பிழைத்தது நாடெங்கும் செய்தியானதே அதன் கடுமையைக் காட்டும். எனினும் நோய் வரும் வழியை அறிந்தால் அச்சத்தைச் சரியான இடத்தில் வைக்கலாம். நெக்லேரியா என்னும் அந்த அமீபா வெதுவெதுப்பான, தேங்கிய நன்னீரில் வாழ்கிறது. அந்நீர் மூக்கின் வழியே வேகமாக ஏறும்போதே மூளையை அடைகிறது. குடிப்பதால் வருவதில்லை; ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. குளோரின் முறையாக இடப்பட்ட நீச்சல்குளத்தில் அது பிழைப்பதில்லை.

அப்படியானால் கோடையில் வற்றிச் சேறாகிக் கிடக்கும் குட்டையில் தலைகீழாகக் குதிப்பதே ஆபத்து. குளோரின் அளவை நாள்தோறும் சோதித்துப் பலகையில் எழுதி வைக்கும் நீச்சல்குளத்தில் பயில்வது அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. குளோரின் வாடை கண்ணைக் கரிக்கும் அளவு மிகுந்திருப்பது சுத்தத்தின் அடையாளம் என்று நினைக்க வேண்டாம். அது பெரும்பாலும் வியர்வையும் சிறுநீரும் கலந்ததன் அடையாளம். மூக்குக்கு ஒரு கிளிப் சில பத்து ரூபாய். குளித்த ஓரிரு வாரத்துக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு தோன்றினால் தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். வலிப்பு நோயுள்ள குழந்தையை மருத்துவரைக் கேட்காமல் வகுப்பில் சேர்க்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

சான்றிதழ் வேறு, நீச்சல் வேறு

கேரளத்தில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையில் நீச்சல் அறிந்தவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் வழங்கப்பட்டு வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் சேர்க்கைக் காலத்தில் சான்றிதழுக்கு அலைமோதும் வழக்கம் அதனால் வந்தது. 2022 ஜூலையில் கண்ணூர் மாவட்டத்தில் மகனுக்கு அவசரமாக நீச்சல் பழக்கிக் கொடுக்கக் குளத்தில் இறங்கிய தந்தையும் மகனும் ஒருசேர மூழ்கி இறந்தனர். அச்செய்தியைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பதினைந்து வயதில் ஒரு வாரத்தில் முடிக்க நினைப்பதை எட்டு வயதில் ஒரு கோடை முழுதும் செய்யலாம் என்பதற்கு இதைவிடக் கசப்பான காரணம் வேண்டியதில்லை.

பெண் குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல். எட்டு, ஒன்பது வயது வரை வகுப்புக்கு வரும் சிறுமியர், பத்து வயதானதும் உடை, ஆண் பயிற்றுநர் என்ற காரணங்களால் நிறுத்தப்படுகிறார்கள். ஆனால் துணி துவைக்கவும் தண்ணீர் எடுக்கவும் வாய்க்கால் படிக்கு இறங்குவது பெரும்பாலும் அவர்களே. முழுக்கையும் முழுக்காலும் மறைக்கும் நீச்சல் உடைகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கும்படி ஐந்தாறு பெற்றோர் சேர்ந்து கேட்டால் நீச்சல்குளம் நடத்துபவர் மறுப்பது கடினம். ஆறு வயதில் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: பத்து வயதில் நிறுத்த நேர்ந்தாலும் அடிப்படை கைவந்திருக்கும்.

தண்ணீருக்கு வெளியே கற்க வேண்டியது

2021 செப்டம்பரில் கோவையிலிருந்து வாளையாறு அணைக்கு வந்த மாணவர்கள் மூவர் நீரில் மூழ்கி இறந்தனர். இத்தகைய விபத்துகளில் ஒருவர் தடுமாற, அவரைக் காக்க இறங்கும் நண்பரும் உடன் மூழ்குவது திரும்பத் திரும்ப நிகழ்கிறது. மூழ்குபவர் தம்மை அணுகுபவரை ஏணியாகப் பற்றி ஏற முயல்வார். அதில் நன்றிகெட்டதனம் ஏதுமில்லை, உடலின் இயல்பு அது. எனவே குழந்தைக்கு இதைப் பாடமாகவே சொல்லித்தர வேண்டும்: நண்பன் மூழ்கினால் நீ இறங்காதே. கத்திக் கூப்பிடு. கழி நீட்டு, துண்டை வீசு, மூடிய காலிக் குடத்தையோ பிளாஸ்டிக் கேனையோ எறி. வங்கதேசத்துப் பிள்ளைகள் தேர்வில் செய்துகாட்டியது இதைத்தான். மூழ்குபவர் சத்தமிடுவார் என்று எதிர்பார்க்கவும் கூடாது. வாய் நீருக்கு மேல் வரும் கணத்தில் மூச்சிழுக்கவே நேரமிருக்கும், குரலெழுப்ப இராது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால் அதுவே அடையாளம்.

வெளியே எடுத்த குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்றும் நடக்கின்றன. அந்த நிமிடங்கள் வீணாகின்றன. மூச்சில்லையெனில் உடனே மல்லாக்கக் கிடத்தி, வாயோடு வாய்வைத்து மூச்சூதித் தொடங்கி, மார்பை அழுத்த வேண்டும். நீரில் மூழ்கியவருக்கு முதலில் தேவைப்படுவது காற்று. மூச்சின்றி நான்கைந்து நிமிடம் கடந்தால் மூளை பாதிக்கப்படும். ஆம்புலன்ஸ் மலைப்பாதை ஏறி வரும் வரை காத்திருக்க இயலாது. இதைக் கட்டுரையில் படித்துக் கற்க முடியாது. பொம்மையை வைத்துச் செய்து பழக வேண்டும். பிள்ளையை நீச்சலில் சேர்க்கும் நாளில், பெற்றோருக்கும் அரை நாள் முதலுதவிப் பயிற்சி தருவீர்களா என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். இரு மாநிலங்களிலும் ஆம்புலன்சுக்கு 108, தீயணைப்பு மீட்புப் பணிக்கு 101, எல்லா அவசரத்துக்கும் 112. எல்லையோரத்தில் கைப்பேசி எந்த மாநிலக் கோபுரத்தைப் பற்றியிருக்கிறதோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கே அழைப்பு போகக்கூடும். ஆகவே ஊர், வட்டம், மாவட்டம், மாநிலம் என்று முழுமையாகச் சொல்லப் பிள்ளைக்குப் பழக்கிவையுங்கள்.